290 ரூபாய், ஆனால் எதற்கு?

சேலத்திலும் ஏற்காட்டிலும் உணவகம் நடத்தும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மெனு கார்டில் தமிழ் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் முன்கதை வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தோழி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மணி கோர்க்கும் வேலை பார்க்கிறாள். மகளுக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்திருக்கிறது. "இந்தத் தடவ நான்தான் வாங்கித் தருவேன், நீ பர்ஸத் தொடக்கூடாது" என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏசி உணவகத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். ரொட்டி, நான், பனீர் என்று வடநாட்டுச் சாப்பாடு போடுகிற இடம். அவள் கையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

மேசையில் கார்டு இல்லை, ஒட்டிவைத்த கியூஆர் கோடுதான் இருந்தது. அவளுடையது பட்டன் போன் என்பதால் என் போனில் திறந்து கொடுத்தேன். முழுக்க ஆங்கிலம். இத்தனைக்கும் அவள் தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை வாசிக்கிறவள். வெள்ளி கிராம் என்ன விலை என்று பட்டறையில் எல்லோருக்கும் அவள்தான் சொல்வாள். அன்றைக்கு அவளால் எண்களை மட்டும்தான் படிக்க முடிந்தது. 290 என்று தெரிகிறது, எதற்கு 290 என்று தெரியவில்லை.

நான் வாசித்துக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். ஆரம்பித்தேன். ஆர்டர் எடுக்க வந்த பையன் பக்கத்திலேயே நிற்கிறான். விருந்து கொடுப்பவள் அவள், விலையை உரக்கப் படிப்பவள் நான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திவிட்டேன். உனக்குப் பிடித்ததைச் சொல் என்றாள். தனக்கு மட்டும் திரையைத் தள்ளித் தள்ளி, இருப்பதிலேயே சின்ன எண்ணாகத் தேடி விரல் வைத்தாள்: 60. "எனக்கு இது போதும்டி, பசியில்ல."

வந்தது ஓர் அப்பளம். மேலே வெங்காயமும் தக்காளியும் தூவியிருந்தார்கள்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை வற்புறுத்தி வைத்தேன். கடைசியில் பில், 5 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து 609 ரூபாய். "இவ்வளவுதானா? தெரிஞ்சிருந்தா ஆளுக்கொரு குல்ஃபி சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அந்தக் குல்ஃபிக்காகத்தான் இந்த மடல். தமிழில் ஒரு மெனு வையுங்கள்.

உங்கள் வாசல் பலகையில் தமிழ் இருக்கிறது. அது உணவு நிறுவனங்கள் சட்ட விதி. மற்ற மொழிகளைவிடத் தமிழ் முதன்மையாகத் தெரிய வேண்டும். அபராதத்துக்குப் பயந்து வாசல் வரைக்கும் வந்த தமிழ், ஏசிக் கதவைத் தாண்டினால் குளிரில் விறைத்துவிடுமா? பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள் பண்டத்துக்குப் பண்டம் கலோரி போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது, நீங்களும் போடுகிறீர்கள். பனீர் உடம்பில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடிகிறது, அது பனீர்தான் என்று தமிழில் சொல்லத்தான் முடியவில்லை. ஏற்காட்டில் இன்னும் மோசம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, தலைசுற்றலோடு வந்து உட்காருகிற பாட்டியிடம் ஆங்கில அட்டையை நீட்டுகிறீர்கள். சாப்பிட்டு முடித்ததும் கருத்துப் படிவம் வேறு, அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் ஊர்த் தட்டுவடை செட் கடைக்காரர் ஒரு தகரத் தட்டியில் பெயரும் விலையும் எழுதி மாட்டியிருக்கிறார். அவரிடம் கியூஆர் கோடு பணம் வாங்க மட்டும்தான்.

அப்புறம் அந்தத் தண்ணீர்க் கேள்வி. "ரெகுலரா, மினரலா?" சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கோபத்தில் எழுதியது கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுத்த பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. வேறு மாநிலத்துப் பையன், அவனுக்கும் தமிழ் தெரியவில்லை, பாவம். நான் கேட்பது ஒன்றுதான்: தமிழில் ஒரு மெனு, கையில் பிடித்துப் படிக்கிற மாதிரி, விலையோடு. தால் மக்னி என்றே எழுதுங்கள், பக்கத்தில் 'கறுப்பு உளுந்து, வெண்ணெய்' என்று இரண்டு சொல் போடுங்கள். பெரிய அச்செல்லாம் வேண்டாம், ஜெராக்ஸ் தாளே போதும்.

எழுத ஆள் இல்லையென்றால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். நானே வந்து எழுதித் தருகிறேன், என் கையெழுத்து நன்றாகவே இருக்கும். கூலி வேண்டாம், இரண்டு குல்ஃபி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஐந்து ரோட்டில் அப்பளம் சாப்பிட்டவளின் தோழி