ஒட்டுக்கேட்பு ஆணைகளைப் பார்க்க வேண்டிய மூவருக்கு

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கும், அவர் தலைமையில் ஒட்டுக்கேட்பு ஆணைகளை மறுஆய்வு செய்யும் குழுவின் மற்ற இரு செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் குற்றப்பத்திரிகை நகலோடு வந்த காகிதக் கட்டில், நூறு பக்கத்துக்கு மேல் தொலைபேசிப் பேச்சைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். விசாரித்த அமைப்பு எது என்று சொல்வது கட்சிக்காரருக்கு நல்லதல்ல. வழக்குக்குத் தொடர்புள்ளவை நாலைந்து பக்கம் தேறும். மீதியில் அவர் மனைவி, மாமியாருக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் போதவில்லை என்கிறார். நடுவில் "அழுகிறார்" என்று ஒரு குறிப்பு. அந்த அம்மா வழக்கில் சாட்சிகூட இல்லை. இத்தனைக்கும் அனுமதி தந்த ஆணை ஒரே பக்கம். "பொதுப் பாதுகாப்பு கருதி" என்ற சட்டச் சொல் இருந்தது. யாருக்கு என்ன ஆபத்து என்று ஒரு வரி இல்லை. மறுஆய்வு நடந்ததற்கான தாளும் கட்டில் இல்லை.

1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்க இடம் தந்தது. 1996இல் பியுசிஎல் என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உள்துறைச் செயலாளரின் ஆணையும் அதை ஆராயும் குழுவும் கட்டாயம் என்றது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. அந்த இடத்தில்தான் உங்களை உட்கார வைத்தார்கள்.

2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறை பிறப்பித்த ஓர் ஆணையை, 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 50 லட்ச ரூபாய் லஞ்ச வழக்கு அது. சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்குவது பொதுப் பாதுகாப்பு ஆகாது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஒட்டுக்கேட்டவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை என்பதையும் தீர்ப்பு பதிவு செய்தது. அந்த ஒரு ஆணை தப்பு என்று தெரிய ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதம்தான் நேர்மாறாக, பெரும் ஊழல் பொதுப் பாதுகாப்பைத் தொடும் என்றது. சட்டம் இப்படி இழுபறியாக இருக்கும்போது ஆணையில் காரணம் எழுதுவது இன்னும் அவசியமாகிறது. இன்னொன்றும் உண்டு. சட்டத்தை மீறி எடுத்த ஒலிப்பதிவானாலும் பொருத்தமிருந்தால் சாட்சியமாகலாம் என்று 1972இலேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணையின்போது அந்தப் பதிவைத் தள்ளுபடி செய்ய வைப்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் சட்டச் செயலாளருக்கே தெரியும். ஆணை வந்த கையோடு அதை நிறுத்தக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

உங்களைப் போலவே மத்திய அரசில் உள்ள மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமல்ல என்று 2018இல் தனிநபர் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம். ஒரு ஆணைக்கு ஒரு நிமிடம் என்றாலும் இராப்பகலாகப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஒட்டுக்கேட்புக்காக 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும் குழுவில் நீதிபதி இல்லை. ஆணையிடுபவரும் அரசுச் செயலாளர், ஆராய்பவர்களும் அரசுச் செயலாளர்கள்.

கஞ்சா கடத்துகிறவனையும் ஆள் கடத்துகிறவனையும் பிடிக்க வேறு வழியில்லை என்று காவல்துறை சொல்வதில் உண்மை இருக்கலாம். அப்படியானால் அதற்கென நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும். இருக்கிற சொல்லை இழுத்து நீட்ட வேண்டாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆணையின் மீதும் ஏற்றோம், ஏற்கவில்லை என்று காரணத்தோடு இரண்டு பத்தி எழுதுங்கள். அந்த ஒட்டுக்கேட்பை வைத்து வழக்குப் போட்டால், ரகசியமான பகுதியை மறைத்தாவது அந்தத் தாளைக் குற்றப்பத்திரிகையோடு கொடுக்கச் செய்யுங்கள். ஆண்டுக்கு எத்தனை ஆணைகள் வந்தன, எத்தனையை ரத்து செய்தீர்கள் என்ற எண்ணிக்கையைச் சட்டமன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞன்