தூசிய மட்டும் திட்டாதீங்க

ஆசிரியர் சார், வணக்கம். தூசி தான் காரணம்னு நீங்க போட்ட தூசி அலர்ஜி கட்டுரை படிச்சேன், ஆனா நிஜ வில்லன் மெத்தை, தலகாணில குடியிருக்குற டஸ்ட் மைட்ங்கிற குட்டி தூசிப் பூச்சியோட கழிவு தான், அத பத்தி ஒரு வரி கூட காணோமே. (பூச்சின்னு சொல்றோம், உண்மையில சிலந்தி வகையறா, சைஸ் சுமார் 0.3 மில்லிமீட்டர்.) அந்த கழிவுல டெர் பி 1னு ஒரு என்சைம் இருக்கு, மூச்சுக்குழாய் உள்பக்கம் செங்கல் அடுக்குன மாதிரி நிக்கிற செல்களுக்கு நடுவுல ஒட்டிக்கிட்டிருக்குற புரதத்தையே இது வெட்டி விட்டுரும், கேப் விழுந்தா அலர்ஜி பொருள் சுலபமா உள்ள இறங்கிடும். செல்லுங்களும் வெறும் சுவர் இல்ல சார், ஐஎல் 33, டிஎஸ்எல்பினு புரத சிக்னல் விட்டு நோய் எதிர்ப்பு செல்கள கூப்பிடுது, அப்புறம் தான் வீக்கம், சளி, வீசிங் எல்லாம். பெட்ஷீட்ட 60 டிகிரி வெந்நீர்ல துவைச்சா மைட் செத்துரும், அதயாவது போட்டிருக்கலாம்.

– ஒரு வாசகர்