பின்னூசியைக் கீழே வை, பாப்பா

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் போனில் இருமிக்கொண்டே இருந்தாயே, நின்றதா?

இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் நீ மூன்று தடவை "சரிப்பா" சொல்லிவிடுகிறாய். மூன்றாவது "சரிப்பா"வுக்கு மேல் எதுவும் உன் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான்.

உன் செண்ட் பாட்டில் விஷயம்தான். முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது, அழுத்தினால் ஒரு சொட்டும் வரவில்லை, பின்னூசியால் குத்திப் பார்க்கப்போகிறேன், அதற்கும் மசியாவிட்டால் குப்பையில் போட்டுவிடுவேன் என்றாய். அந்தப் பின்னூசியை முதலில் கீழே வை. குப்பையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு நீ வாங்கி அனுப்பினாயே, தங்க நிறத் தலை வைத்த 50 மில்லி பாட்டில், அதுவும் இப்படித்தான் அடைத்துக்கொண்டது. அம்மா அதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். வருஷத்துக்கு நாலு கல்யாணம், கல்யாணத்துக்கு இரண்டு அழுத்து. ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். அப்படிப் பார்த்தால் 50 மில்லிக்கு ஐந்நூறு அழுத்து. அம்மா வேகத்தில் போனால் அறுபத்திரண்டு வருஷம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வந்தால் வரட்டுமே என்றாள். ஆனால் பாட்டில் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. இரண்டாவது வருஷம் மாமா வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பும்போது அழுத்தினாள், வரவில்லை.

நாற்பது வருஷம் ரிப்பேர் கடை வைத்திருந்தவனுக்கு இது ஒரு வேலையா? கடை மேசையின் அடியில் இன்னும் அரை டப்பா ஸ்டவ் பின் கிடக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்காது. தகரப் பட்டை நுனியில் அரை அங்குலம்கூட இல்லாத மெல்லிய கம்பி. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் எரியாமல் புகைந்தால் அதை வைத்து நிப்பிளில் ஒரு குத்து, "புஸ்" என்று நீல ஜுவாலை வந்துவிடும். அதே பின்னை எடுத்து செண்ட் பாட்டில் தலையில் ஒரு குத்து குத்தினேன். அடைப்பு போய்விட்டது, அதில் சந்தேகமே இல்லை. அம்மா வாங்கி அழுத்தினாள். பனி மாதிரி வர வேண்டியது ஊசி போட்ட மாதிரி நேராக ஒரே கோடாக வந்து என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. இரண்டாவது அழுத்து அவள் முந்தானையில் வட்டமாக ஒரு கறை. அன்றைக்கு வளைகாப்புக்குத் தாமதமாகத்தான் போனோம். வழியெல்லாம் பேச்சு இல்லை.

எங்கே தப்புச் செய்தேன் என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இதே தப்பைச் செய்ததற்காக எத்தனையோ விவசாயிகளைத் திட்டியிருக்கிறேன். கேஸ் வந்து ஸ்டவ் வேலை போன பிறகு நான் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேருக்கு மாறியது உனக்குத் தெரியும். வயலில் நாசில், அதாவது மருந்து பீச்சுகிற முனை, அடைத்தால் ஆட்கள் கம்பியை விட்டுக் குடைவார்கள். சிலர் வாயில் வைத்து ஊதுவார்கள், விஷ மருந்து என்ற நினைப்பே இல்லாமல். குடைந்த நாசிலைக் கடைக்குக் கொண்டுவந்து, "மருந்து ஒரு பக்கம் கொட்டுது, ஒரு பக்கம் படலை" என்பார்கள். ஓட்டை பெரிதாகி ஓரம் பிசிறியிருக்கும். பல் தேய்க்கிற பழைய பிரஷ் போதும், இரும்பை உள்ளே விடாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன் நான்.

ஸ்டவ் நிப்பிளும் ஸ்பிரே நாசிலும் ஒன்றல்ல. நிப்பிளில் இருப்பது நேரான ஓட்டை. எண்ணெய் ஆவி அதன் வழியாக நேராகப் பாய்ந்தால் போதும், அதனால் பின்னால் குத்தலாம். ஸ்பிரேயில் சமாச்சாரம் வேறு. உன் பாட்டில் தலையை விளக்கு வெளிச்சத்தில் பார். முன்பக்கம் பொட்டு அளவில் ஒரு வட்டத் துண்டு பதித்திருப்பார்கள், அதன் நடுவில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓட்டை. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் துண்டின் பின்னால் சின்னச் சின்ன வாய்க்கால்கள் சாய்வாக வெட்டியிருக்கும். செண்ட் அதன் வழியாகச் சுழன்றுகொண்டு வரும். சுழன்று வருவதால்தான் வெளியே வந்ததும் குடை விரித்த மாதிரி சிதறுகிறது. பின்னூசி உள்ளே போனால் ஓட்டையின் ஓரமும் கெடும், வாய்க்காலும் கெடும். அப்புறம் அது ஸ்பிரே இல்லை, பீச்சாங்குழல்.

சரி, ஏன் அடைக்கிறது? இதற்கு உன் சின்ன வயசுக்குப் போக வேண்டும். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்தால் அம்மா ஈரத்துணியில் யூடிகோலன் விட்டு உன் நெற்றியில் போடுவாள். "ஐஸ் மாதிரி இருக்கு" என்பாய். அந்த யூடிகோலனுக்குப் பெயர் கொடுத்ததே நீ இப்போது வேலை பார்க்கிற ஜெர்மனியின் கொலோன் ஊர்தான் என்று நீ அங்கே போய்ச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஃபரினா என்கிற இத்தாலிக்காரர் குடும்பம் 1709இல் அங்கே தொடங்கிய வியாபாரம் இன்னும் நடக்கிறது என்றாய். ஒரு வீட்டு எண்ணையே 4711 என்று பெயராக வைத்து விற்கிறார்கள் என்றும் சொன்னாய். நாம் அதைத் தலைவலி மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! நெற்றி ஏன் குளிர்ந்தது? அதில் இருந்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிப் பறக்கும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போனது. அதே வேலைதான் உன் பாட்டில் வாயில் நடக்கிறது. செண்ட் என்பது வாசனை எண்ணெயும் ஆல்கஹாலும் கொஞ்சம் தண்ணீரும் கலந்தது. நீ அழுத்தி முடித்ததும் ஓட்டையில் ஒரு துளி தங்குகிறது. ஆல்கஹால் பறந்துவிடும். எண்ணெயும் பிசினும் அவ்வளவு சீக்கிரம் பறக்காது, அங்கேயே உட்கார்ந்து இறுகும். தினமும் அழுத்தினால் புதிதாக வரும் ஆல்கஹால் பழையதைக் கரைத்துக்கொண்டு போகும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் கோந்து பாட்டில் மூடி கதைதான்.

வாசனையைப் பொறுத்தும் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனை உள்ள லேசான கொலோன் அவ்வளவாக அடைக்காது, அதில் எண்ணெயே கொஞ்சம்தான். கனமான செண்டில் எண்ணெய் கூடுதல். வெனிலாவும் சாம்பிராணி மாதிரி பிசின் சரக்கும் சேர்ப்பார்கள், வாசனை நாள் முழுக்க நிற்பதற்காக. சட்டையில் நிற்கிற குணம்தான் நாசிலிலும் நிற்கிறது. உன்னுடையது நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகை.

இனி வேலையைச் சொல்கிறேன், மெதுவாகப் படி. தலையை நேராக மேல்நோக்கி இழு. திருகாதே, பக்கவாட்டில் அசைக்காதே. அடியில் இருக்கிற தண்டு பிளாஸ்டிக் குழாய், ஒடிந்தால் கதை முடிந்தது. சில பாட்டில்களில் தலை கழலவே கழலாது, அதோடு மல்லுக்கு நிற்காதே. கழன்று வந்தால், பாட்டிலை முகத்துக்கு எதிர்ப்புறமாகப் பிடித்து, துணியைச் சுற்றிக்கொண்டு அந்தத் தண்டை நகத்தால் இரண்டு மூன்று தடவை அழுத்து. துணி நனைந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு தலையில் மட்டும்தான். ரிப்பேர் வேலையில் பாதி இதுதான் பாப்பா, எது கெடவில்லை என்று முதலில் தெரிந்துகொள்வது.

தலையை ஒரு டம்ளர் வெந்நீரில் போடு. கை பொறுக்கிற சூடு போதும், கொதிக்கிற தண்ணீர் பிளாஸ்டிக்கை நெளித்துவிடும். கால் மணி நேரம் ஊறட்டும். எடுத்து உதறிவிட்டு, சின்ன மூடியில் ஸ்பிரிட் ஊற்றி ஒரு மணி நேரம் அதில் போடு. இங்கே மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அங்கே மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேள். சானிடைசரை ஊற்றிவிடாதே. அதில் கிளிசரின் இருக்கும், ஜெல் வகை என்றால் கெட்டியாக்குகிற சரக்கும் இருக்கும். அடைப்பின் மேல் இன்னொரு அடைப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சு கிடைத்தால், அதில் ஸ்பிரிட்டை எடுத்து, தண்டு நுழைகிற பக்கமாக வைத்து அழுத்து. முதலில் வராது, அப்புறம் ஒரு பக்கம் கோணலாக வரும், பிறகு திடீரென்று புகை மாதிரி வரும். அந்தப் புகை வந்தால் முடிந்தது வேலை. இதெல்லாம் அடுப்புப் பக்கத்திலோ மெழுகுவத்தி பக்கத்திலோ வேண்டாம். ஸ்பிரிட் ஆவியும் செண்ட் ஆவியும் சாதாரண அறை வெப்பத்திலேயே நெருப்புப் பட்டால் தீப்பிடிக்கும். பாட்டிலைச் சுட வைத்தால் இளகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

திரும்ப மாட்டியதும் வராது. பயப்படாதே. நம் தெரு அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே காற்று நின்றால் பம்புக்குப் பிடிமானம் இருக்காது. இந்தச் சின்னப் பம்பும் அதே ஜாதிதான். ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அடியில் ஒரு வால்வு. அழுத்தினால் மேலே தள்ளும், விட்டால் கீழேயிருந்து உறிஞ்சும். பத்து தடவை நிதானமாக அழுத்து, ஒவ்வொரு தடவையும் முழுக்க மேலே வர விடு. பிடித்துக்கொள்ளும்.

துணியே நனையவில்லை என்றால் கோளாறு கீழே. குழாய் நுனி செண்டுக்குள் முங்கியிருக்கிறதா என்று பார், சில சமயம் அது வளைந்து வெளியே நிற்கும், பாட்டிலைச் சாய்த்தால் சரியாகிவிடும். அப்படியும் வராவிட்டால் கழுத்தில் இருக்கிற அலுமினிய வளையத்தைப் பார். மரை இருந்தால் திறக்கலாம், பம்பைக் கழுவலாம். மரை இல்லாமல் அமுக்கி மூடியிருந்தால் குறடு போட்டுத்தான் உரிக்க வேண்டும். உரித்தால் திரும்ப மூட முடியாது, கண்ணாடிக் கழுத்து சில்லு பெயரவும் கூடும். அதை நீ செய்யாதே. எடுத்து வை, நான் பார்க்கிறேன்.

அம்மா பாட்டிலுக்கு என்ன செய்தேன் என்று கேட்பாய். குத்திக் கெடுத்த தலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாமா பையனின் காலி பாட்டிலிலிருந்து ஒரு தலையைக் கழற்றி மாட்டினேன். எல்லாத் தலையும் எல்லாத் தண்டுக்கும் சேராது, இது அதிர்ஷ்டவசமாகச் சேர்ந்தது. இப்போது பூ மாதிரி அடிக்கிறது. வாரம் ஒரு அழுத்தாவது அழுத்த வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். அதனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இப்போது நம் வீட்டில் மல்லிகைப்பூவோடு செண்டும் மணக்கிறது. புடவையில் படாமல் கையில்தான் போட்டுக்கொள்கிறாள், ஒரு தடவை பட்டது போதும் என்கிறாள்.

ஒரே குறை, மாமா பையன் பாட்டில் தலை கறுப்பு. தங்க நிறத் தலை இருந்த இடத்தில் இழவு வீட்டுத் தொப்பி மாதிரி இருக்கிறது என்று அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்கிறாள். அங்கே உன் தோழிகள் யாராவது காலி பாட்டில் தூக்கிப் போட்டால், தலை தங்க நிறமாக இருந்தால், கழற்றிக் கழுவி எடுத்து வை. இரண்டு மூன்றாகவே கொண்டு வா. எது சேரும் என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உன் பாட்டிலில் புகை மாதிரி வந்ததும் ஒரு வரி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா