டேகை எழுதும் அன்றே டேகை விளக்குங்கள்

கோ நிரல்மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடக்குறிப்பு எழுதுவோருக்கும்,

வணக்கம். பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் பாடம் வந்ததும், அதன் உறுப்பான ஒவ்வொரு ஃபீல்டின் வாலிலும் பேக்டிக் (`) குறிகளுக்குள் டேக் என்ற ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) ஒட்டுகிறீர்கள். "இது ஜேசனுக்காக, இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று, நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறீர்கள். அந்த "இப்போதைக்கு" முடிவதே இல்லை. சென்ற வாரம் அதனால் எனக்கு இரண்டு இரவுத் தூக்கம் போயிற்று.

ஜேசன் என்ற சொல், முக்காற்புள்ளி, உடனே இரட்டை மேற்கோளுக்குள் ஜேசன் தரவில் வரும் பெயர்: இதுதான் டேகின் வடிவம். நான் எல்லா டேகுகளிலும் முக்காற்புள்ளிக்கும் மேற்கோளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தேன். நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. 'நேம்' ஃபீல்டு ஒழுங்காகவே நிரம்பியது. டேக் இல்லாவிட்டாலும், ஜேசனைப் படித்து எழுதும் கோவின் ஜேசன் தொகுப்பு பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் பெயரைப் பொருத்திக்கொள்ளும் அல்லவா? ஆனால் தரவில் நடுவில் அடிக்கோடு போட்டு வரும் 'யூசர்_ஐடி' மட்டும், அடிக்கோடு இல்லாத என் ஃபீல்டுப் பெயரோடு பொருந்தாமல், ஒவ்வொரு முறையும் 0. தரவுத்தளத்தைச் சந்தேகித்தேன். தரவு அனுப்பிய சக ஊழியரையும் சந்தேகித்துக் கேட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

டேக் வெறும் சரம். கம்பைலர் அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நிரல் ஓடும்போது, தன் வகைகளையே ஆராய உதவும் ரிஃப்ளெக்ட் தொகுப்பின் வழியே கேட்பவருக்குத்தான் அது பொருள் தரும். வடிவம் பிசகினால் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? சந்தேகத்துக்கிடமான நிரல்வரிகளைச் சுட்டும் 'கோ வெட்' கருவி அந்த இடைவெளியை ஒரே வரியில் காட்டிக்கொடுக்கும், நிரலைச் சோதிக்கும் 'கோ டெஸ்ட்' தானாக ஓட்டும் வெட் சோதனைகளில் இது சேராது என்பதையும் சொன்னால் இன்னும் ஒரு நிமிடம். டேகை எழுதும் அன்றே விளக்குங்கள் என்று கேட்பது அதிகமா?

டேகின் வடிவத்தோடு நிற்கவில்லை இந்தப் பழக்கம். வெற்று மதிப்பை விட்டுவிடச் சொல்லும் 'ஆமிட்எம்ப்டி' என்ற சொல்லை டேகில் சேர்க்கச் சொல்வீர்கள். உண்மையிலேயே 0 ஆக இருக்கும் மதிப்பையும் அது வெளியீட்டிலிருந்து நீக்கிவிடும் என்று சொல்லமாட்டீர்கள். சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டுக்கு எந்த டேக் ஒட்டினாலும் ஜேசன் தொகுப்பு அதைத் தொடாது என்பதையும் சொல்லமாட்டீர்கள். புரியாததை நகலெடுக்கப் பழக்கிவிட்டு, பிழை வந்ததும் கவனக்குறைவு என்று எங்களைக் கடிந்துகொள்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். உங்களிடம் கற்றதை வைத்துத்தான் இன்று வேலை செய்கிறேன். கேட்பது ஒன்றே. முதல் டேகை எழுதும் அன்றே, மாணவர்களை அதில் ஓர் இடைவெளி விடச் சொல்லுங்கள். ரிஃப்ளெக்ட் வழியே அதைக் கேட்டு அச்சிட்டால் வெற்றுச் சரம் வருவதை அவர்களே பார்க்கட்டும். பிறகு 'கோ வெட்' ஓட்டட்டும்.

பணிவுடன்,
உங்கள் பாடங்களில் படித்தவன்