மரம் அறுப்போருக்குப் பயிற்சி கட்டாயமாகட்டும்

ஆசிரியருக்கு,

நீலகிரியில் சீகை (வாட்டில்), யூக்கலிப்டஸ் போன்ற அந்நிய மரங்களை அகற்றுவது நல்ல பணி. ஆனால் இயந்திர வாளை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மரம் சாய வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் கால் பங்குக்கு மிகாமல் ஆப்பு வடிவில் வெட்ட வேண்டும். பின்பக்க அறுப்பு அதைவிட ஓரிரு அங்குலம் உயரத்தில் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4 செ.மீ., அறுபடாமல் நிற்க வேண்டும். மரத்தைத் திசை மாறாமல் பிடித்து வைப்பது இந்த அறுபடாத பகுதிதான். அவசரத்தில் இதையும் அறுத்தால் மரம் எந்தப் பக்கமும் திரும்பும். முன்னோக்கிச் சாய்ந்த யூக்கலிப்டஸ் இன்னும் ஆபத்து: பாதி அறுக்கும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்னால் நிற்பவர்மேல் எகிறும்.

வாள்முனையின் மேல்பாதி கட்டையில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் பழுதான வாளை வேலைக்கே எடுக்கக் கூடாது.

முகமூடியுடன் தலைக்கவசம், கால் காப்பு உடை, மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கத் தடை, பலத்த காற்றில் வேலை நிறுத்தம், இவற்றோடு பயிற்சிச் சான்றையும் ஏல ஒப்பந்தத்திலேயே வனத்துறை நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
மரம் அறுக்கும் தொழிலாளர்கள்,
நீலகிரி மாவட்டம்.