நண்பனுக்கு: உன் பியரும் என் பியரும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பாட்டில் பெட்டியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ஒரு பாட்டிலும் உடையவில்லை. உடையாதது பெரிய ஆச்சரியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இனிமேல் பியர் காய்ச்சும் புதுக் கெட்டிலுக்கு அவளிடம் கை நீட்டலாம் என்று நீ கணக்குப் போடுவது தெரிகிறது. நடக்காது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நிறைந்த பாத்திரத்தைத் தூக்குவதை விட்டுவிட்டேன், இப்போது எல்லாம் பம்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் வீட்டில் காய்ச்சிய ப்ரூட் ஐபிஏவில், அதாவது ஹாப்ஸ் பூ மணக்கிற இனிப்பில்லாத பியரில், அதிக ட்ரை, இனிப்பு குறைந்தது, யாருடையது என்று கேட்டிருந்தாய். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் கேட்டால் என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. தண்ணீரை 1.000 என்று வைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன என் பியர் 1.050-லிருந்து இறங்கி 0.998-ல் போய் நின்றது. ஆல்கஹால் 6.8 சதவீதம். உன் லேபிளில் 1.052-லிருந்து 1.004 என்று எழுதியிருக்கிறாய், அதாவது 6.3. ஆனால் லேபிளை மறைத்து, ஒரே மாதிரி கிளாஸில், ஒரே குளிர்ச்சியில் ஊற்றி, என் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மைத்துனர் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, “இதில் இனிப்பே இல்லாதது எது?” என்று கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் உன்னுடையதைத்தான் காட்டினார்கள். நானும் அதையேதான் காட்டினேன். எது யாருடையது என்பது ஊற்றிக் கொடுத்த என் மகனுக்கு மட்டும்தான் தெரியும். பயல் கடைசிவரை முகத்தில் எதையும் காட்டவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். 0.998 பியரில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை என்று ஏதும் மிச்சமில்லை. அது எப்படி இனிக்கும்? நாக்கை ஏமாற்றியது மூக்குதான் என்று நினைக்கிறேன். நான் போட்ட ஹாப்ஸ் நெல்சன் சாவினும் மொசைக்கும். கிளாஸைக் கிட்டே கொண்டுவந்தாலே பழுத்த திராட்சையும் மாம்பழமும் சேர்ந்து அடிக்கிறது. அந்த வாசனை வந்துவிட்டால், நாக்கில் படுவதற்கு முன்பே இனிப்பை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஆல்கஹாலுக்கே லேசான இனிப்பு உண்டு. கிளிசராலும் கொஞ்சம் கைகொடுக்கிறது. இத்தனைக்கும் எதிரே நிற்க வேண்டிய கசப்பை நான், அதை அளக்கும் ஐபியு கணக்கில், 22-ஓடு நிறுத்திவிட்டேன். பாட்டில்களுக்குப் பயந்து கேஸையும் 2.4 வால்யூம்தான் (பியரின் கொள்ளளவைப் போல 2.4 மடங்கு) வைத்தேன். உன்னுடையதில் கசப்பு 45, தண்ணீரில் கசப்பைக் கூர்மையாக்கும் சல்பேட் அதிகம், கேஸோ மூக்கைத் துளைக்கிறது. 1.004 என்று எழுதிய பியர் 0.998-ஐ ஜெயித்த கதை இதுதான். ட்ரை என்பதை மீட்டரில் பாதிதான் படிக்க முடிகிறது.

நான் என்சைம் போடுவது கள்ளாட்டம் என்று எழுதியிருந்தாய். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஷ் (முளைகட்டிய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) என்றாலே என்சைம் வேலைதானே? நீ 63 டிகிரியில் மணிக்கணக்காக வைத்திருந்ததும் பீட்டா அமிலேஸை நம்பித்தான். அது ஸ்டார்ச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்டோஸாக நறுக்கிக்கொண்டே வரும், கிளை பிரியும் இடம் வந்ததும் நின்றுவிடும். கிளையை வெட்டுகிற என்சைமும் மால்ட்டில் இருக்கிறது, ஆனால் மாஷ் சூட்டில் அது சீக்கிரமே செத்துப்போகிறது. அதனால்தான் ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் துண்டுகள் மிச்சமாகின்றன. நான் போடுகிற குளுக்கோஅமிலேஸ் நேர்ப் பிணைப்பையும் வெட்டும், கிளைப் பிணைப்பையும் மெதுவாகவாவது வெட்டும், கடைசியில் எல்லாவற்றையும் குளுக்கோஸாக்கி ஈஸ்ட்டின் வாயில் கொடுத்துவிடும். நீ 15 சதவீதம் சர்க்கரை கொட்டி ஆல்கஹாலை ஏற்றியதைவிட இது ஒன்றும் பெரிய பாவமில்லை.

இந்த வேலையை ஐபிஏவுக்குக் கொண்டுவந்தவர் கிம் ஸ்டர்டவன்ட். சான்பிரான்சிஸ்கோவில் சோஷியல் கிச்சன் அண்ட் ப்ரூவரியில் இருந்தவர். ஆல்கஹால் மிகுந்த, கனமான ட்ரிபிள் ஐபிஏவை ட்ரை ஆக்குவதற்காக இதே என்சைமைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். 2017 கடைசியில், சாதாரண பலமுள்ள வெளிர் ஐபிஏவில் போட்டால் என்ன என்று பார்த்தார். அதுதான் ப்ரூட் ஐபிஏ. 2018-ல் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு செய்தார்கள். வந்த வேகத்திலேயே மறந்தும் போனார்கள். எனக்கென்னவோ அந்த மறதி நியாயமாகப் படவில்லை. பெயருக்கு என்சைமைப் போட்டுவிட்டுக் கசப்பைப் பழைய ஐபிஏ அளவிலேயே வைத்தவர்கள் நிறையப் பேர். அதைக் குடித்தவன் அடுத்த கிளாஸ் கேட்பானா? ஒரு விஷயம் தெரியுமா, பியரில் இந்த என்சைமுக்கு அதற்கு முன்பு கிடைத்த வேலை டயட் பியர்! 1967-ல் அமெரிக்காவில் வந்த காப்ளிங்கர்ஸ் பியருக்காக ஜோசப் ஓவாட்ஸ் செய்ததும் இதே தந்திரம்தான். இடுப்புச் சதைக்காகப் பிறந்த வித்தை, ஐம்பது வருடம் கழித்து ஹாப்ஸ் பைத்தியங்களிடம் வந்து சேர்ந்தது.

பியர் போட்டி நடுவர்களின் அமைப்பான பிஜேசிபியின் 2021 வழிகாட்டியில் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். இறுதி அடர்த்தி 0.990 முதல் 1.004 வரை, கசப்பு 20 முதல் 30 ஐபியு. உன் 1.004 விளிம்பில் நிற்கிறது, உன் 45 வெளியே நிற்கிறது. மற்ற ஐபிஏக்களில் இனிப்பு முட்டுக்கொடுப்பதால் 60 ஐபியுகூடத் தாங்கும். முட்டே இல்லாத இடத்தில் 30-ஏ நிறையத் தெரியும்.

0.998 என்றால் தண்ணீரைவிட லேசா என்று கேட்டாயே, ஆமாம். ஆல்கஹாலின் அடர்த்தி 0.79தான், அது மீட்டரைக் கீழே இழுத்துவிடுகிறது. கணக்கில் 104 சதவீதம் நொதித்தது மாதிரி தெரியும். உண்மையில் நொதித்தது நூற்றுக்கு 85 பங்குதான். மீதி புரதம், கிளிசரால், ஈஸ்ட் தொடாத மற்ற சங்கதிகள். வாயில் தண்ணீர் மாதிரி ஓடாமல் கொஞ்சமாவது உடம்பு இருப்பது அவற்றின் தயவில். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் இங்கே நம்பிவிடாதே. என் பியருக்கு அது 5 பிரிக்ஸுக்கு, அதாவது 5 சதவீதச் சர்க்கரைக்கு, சற்றுக் கீழே காட்டியது. ஆல்கஹால் திருத்தம் போடாவிட்டால், இன்னும் நொதித்து முடியவில்லையே என்று ஆளைக் கலங்கடித்துவிடும்.

இப்போது உன் பாட்டில்கள். முதல் பாட்டிலின் மூடியை நெம்பினேனோ இல்லையோ, பாதி பியர் சிங்க்கில் போய்விட்டது. நுரை ஒரே சீராக, நிற்காமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது. அழுக்குப் புகுந்த பாட்டிலும் இப்படிப் பொங்கும். ஆனால் புளிப்பு, மருந்து வாடை எதுவும் இல்லை, சுத்தமான பியர். மிச்சத்தை ஆற்றி ஆற்றி கேஸைப் போக்கிவிட்டு ஹைட்ரோமீட்டரில் விட்டேன். 1.001. பாட்டிலில் அடைக்கும்போது 1.004 என்றாய். கேஸுக்காகப் பாட்டிலில் போடும் ப்ரைமிங் சர்க்கரை ஆல்கஹாலாக மாறியதால் அரைப் புள்ளி (ஒரு புள்ளி என்றால் 0.001) இறங்கும். மீதி இரண்டரைப் புள்ளி எங்கே போனது? எல்லாம் கேஸாகத்தான். ஒரு புள்ளிக்குத் தோராயமாக அரை வால்யூம் என்று வைத்துக்கொள், நீ நினைத்த 2.7-க்கு மேல் இன்னும் ஒன்றேகால் வால்யூம். சாதாரண பியர் பாட்டிலில் நாலு வால்யூம்! மீதி இருப்பவற்றை உடனே ஃபிரிட்ஜில் வை. எடுக்கும்போது தடித்த துணியைச் சுற்றி எடு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

காரணம் உன் ட்ரை ஹாப்பிங், அதாவது ஆறிய பியரில் ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்தது, என்பதுதான் என் ஊகம். ஹாப்ஸிலேயே கொஞ்சம் அமிலேஸ் இருக்கிறது. அது பியரில் கிடக்கிற டெக்ஸ்ட்ரினை மெல்ல மெல்ல உடைக்கும், ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். ஹாப் க்ரீப் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் வேதியியலாளர்களான ப்ரவுனும் மாரிஸும் 1893-லேயே எழுதிவிட்ட சமாச்சாரம் இது. ஹாப்ஸைப் போட்டு மூன்றாம் நாளே பாட்டிலில் அடைத்தேன் என்றாய். க்ரீப் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும். ஹாப்ஸ் போட்ட பிறகு அடர்த்தி அசையாமல் நிற்கிறதா என்று சில நாள் விட்டுவிட்டு அளந்து பார்த்துத்தான் அடைக்க வேண்டும். கள்ளாட்டம் என்றாயே, அந்த என்சைமுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. எல்லா டெக்ஸ்ட்ரினையும் அது முன்பே தின்னக் கொடுத்துவிட்டால், ஹாப்ஸ் வந்து உடைக்க மிச்சம் எதுவும் இருக்காது.

மார்க் போட்டே தீர வேண்டும் என்றாய், போட்டிருக்கிறேன். பிஜேசிபி கணக்கு உனக்கே தெரியும்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. உன்னுடையதுக்கு 31, என்னுடையதுக்கு 33. முகம் சுளிக்காதே, ஊற்றிய இரண்டுக்கும் பெயர் தெரியுமுன்பே எழுதிய எண்கள்தான், மகனிடம் காகிதம் இருக்கிறது. உன்னுடையதில் முதல் வாய் பிரமாதம். சுத்தமாக, கூர்மையாக இறங்கியது, அந்த இடத்தில் என் பியர் பக்கத்தில்கூட வர முடியாது. மார்க் போனது அதற்குப் பிறகு. விழுங்கி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்தும் உள்கன்னம் பல்லோடு ஒட்டுகிறது. நாக்கின் பின்பக்கத்தில் பச்சை இலையைக் கடித்த மாதிரி ஒரு கரகரப்பு. அது கசப்பு இல்லை, துவர்ப்பு. இரண்டையும் ட்ரை என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறாய் என்று தோன்றுகிறது. லிட்டருக்கு 14 கிராம் ட்ரை ஹாப்ஸ் போட்டால் வேறு என்ன வரும்? ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாஃபோன்டைனும் ஷெல்ஹாமரும் 2018-ல் இதைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, பழ வாசனை பின்வாங்கி மூலிகை, தேயிலை வாசனைதான் முன்னே வருகிறது என்று கண்டார்கள். அதே தேயிலைதான் உன் கிளாஸில் இருந்தது. என்னுடையதில் மணத்துக்குத் தாராளமாக 10 கொடுத்தேன், வாயுணர்வுக்கு 2தான். கேஸ் போதவில்லை, சோம்பேறி பியர்.

அதனால் அடுத்த முறைக்கு என் திட்டம் இப்படி. என்சைம் என்னுடையது, கேஸ் உன்னுடையது. கொதிக்கும்போது கசப்புக்கு ஏறக்குறைய எதுவும் போடப் போவதில்லை. வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) 80 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு பெரும்பகுதி ஹாப்ஸ். அந்தச் சூட்டில் கசப்பு மெதுவாகத்தான் உருவாகும், மணம் தங்கும். மொத்தம் 25 ஐபியுவில் நிறுத்துவேன். ட்ரை ஹாப்ஸ் லிட்டருக்கு 7 கிராம், அதற்குமேல் ஒரு சிட்டிகை கிடையாது. தடித்த பாட்டில் கிடைத்தால் 3 வால்யூம், அதற்கு லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போதும். நீ என்சைமைத் தொட மாட்டேன் என்றால் தொடாதே, ஆனால் கசப்பைப் பாதியாக்கு. 1.002-க்கு வந்தாலே போதும், மற்றதைக் கேஸ் பார்த்துக்கொள்ளும்.

என்சைமை மாஷில் போடுவதா, நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரில் போடுவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மாஷில் போட்டால் கொதிக்கும்போது என்சைம் அழிந்துவிடும், எங்கே நிற்கும் என்பது ஓரளவு நம் கையில். ஃபெர்மென்டரில் போட்டால் மெதுவாக, ஆனால் அடிமட்டம் வரை போகும். ஒரே வோர்ட்டில் இரண்டையும் செய்து மூன்று கிளாஸ் சோதனை வைப்போம். இரண்டு கிளாஸில் ஒரு பியர், மூன்றாவதில் மற்றது. ஆறு பேர் குடித்தால் ஐந்து பேராவது தனிக் கிளாஸைச் சரியாகக் காட்ட வேண்டும். நாலு பேர் காட்டினால் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். நீயும் நானும் குடிப்பவர்களில் சேர்த்தி இல்லை, நமக்கு வாயைவிட வாதம் பெரிது.

அப்புறம், என் ஃபெர்மென்டரின் அடியில் இருக்கும் ஈஸ்ட்டை உன் கறுப்பு பியரான ஸ்டவுட்டுக்குக் கேட்டிருந்தாய். தர மாட்டேன், கஞ்சத்தனம் இல்லை. அதில் குளுக்கோஅமிலேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். உன் ஸ்டவுட்டின் உடம்பையெல்லாம் உருவிவிட்டு, கறுப்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிடும். புதுப் பாக்கெட் வாங்கிக்கொள். ஹாப்ஸ் வாங்கும்போது நெல்சன் சாவின் எனக்கும் கால் கிலோ சேர்த்து வாங்கு. அறுவடை வருடம் பார்த்து, காற்று உறிஞ்சி அடைத்த பையாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஹாலர்டாவ் பிளாங்க். பணத்தை உன் காலிப் பாட்டில்களோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி