பச்சைக் கார், மண்ணிறப் புத்தகம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்றிரவு அம்மாவும் நானும் இருந்து பார்த்தோம். நீ வாங்கப் பார்க்கிற கிட் கார், அதாவது பழைய காரின் சாமானைப் புது உடம்போடு சேர்த்து வீட்டில் கட்டிய கார், வடிவாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். முன்னால் தவளைக் கண் மாதிரி இரண்டு லைட், கதவே இல்லாத உடம்பு. "மழைக்கு என்ன செய்வாள்?" என்று மட்டும் அம்மா கேட்டார். எனக்கு மழை கவலையில்லை. கடைசிப் படத்தில் விற்கிற மனிதர் லொக் புக்கை, காரின் பதிவுப் புத்தகத்தை, மேசையில் விரித்து வைத்திருக்கிறார், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோர்ட் எஸ்கோர்ட், 1979, இரண்டு கதவு சலூன், நிறம் மண்ணிறம்.

நீ வாங்கப்போவது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த பச்சைக் கார். புத்தகத்தில் இருப்பது நாலு பேர் போகும் கூரை வைத்த மண்ணிறக் கார். இந்தப் புத்தகத்தோடு இந்தக் காரை வாங்காதே. மிச்சத்தை ஆறுதலாக வாசி.

நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சிவப்புக் கார் நின்றதே, அது ஏன் ஓடாமல் நின்றது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. வெட்கம்தான். 1999-இல் 3,200 பவுணுக்கு வாங்கினேன். யாரோ ஒருவர் 94-இல் தன் கராஜில் ஒரு ஃபோர்ட் சியராவை உடைத்து, எஞ்சின், கியர்பொக்ஸ், அச்சு எல்லாம் எடுத்து, புதுச் சட்டகத்தில் ஏற்றி, மேலே ஃபைபர்கிளாஸ் உடம்பு போட்டுக் கட்டியது. கட்டினவர் டிவிஎல்ஏ-க்கு (பிரிட்டனில் வண்டிகளைப் பதிகிற அரசாங்க அலுவலகம்) அறிவிக்கவே இல்லை, சியராவின் நம்பரையும் புத்தகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். எனக்கு அது விற்றவர் கையால் வந்தபோது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? அங்கே ஒரு பழைய ஒஸ்டின் ஏ40-க்குள் எத்தனை காரின் சாமான் ஏறியிருக்கும், பெட்ரோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓட்டினார்கள், புத்தகம் மட்டும் அதே புத்தகம். கை மாறும்போது பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்து ஓப்பன் பேப்பர் என்று கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு கோடைகாலம் ஓடினேன். அப்புறம் ஒரு கார் பார்க்கில் ஒருவர் பின்னால் இடித்தார், பெரிய இடியும் இல்லை. இன்சூரன்ஸ்காரர் அனுப்பிய ஆள் வந்து காரைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார், திரும்பவும் காரைப் பார்த்துவிட்டு "சியரா எங்கே?" என்று கேட்டார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் நான் காசு கட்டி இன்சூர் செய்தது உலகத்தில் இல்லாத ஒரு சியராவை. ஒரு பென்ஸ்கூட வரவில்லை.

பிறகுதான் டிவிஎல்ஏ-க்கு உண்மையை எழுதி அனுப்பினேன். வந்து பார்த்தார்கள். சியராவின் நம்பர் போனது. 1998-இல் இருந்து வீட்டில் கட்டிய கார்களுக்கு எஸ்விஏ என்று ஒரு சோதனை வந்திருந்தது (2009-இல் அதற்குப் பதிலாக ஐவிஏ வந்தது, இப்போது நடப்பது அதுதான்), நான் அதற்குள் நுழைய வேண்டியதாகிவிட்டது. வெளியே கை படுகிற விளிம்பு ஒவ்வொன்றும் மொட்டையாக இருக்க வேண்டும், ஐவிஏ-இல் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு கேட்பார்கள். கட்டினவர் மட்கார்ட் ஓரத்தைக் கத்தி மாதிரி விட்டிருந்தார். இரவு பத்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் ரப்பர் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன், நீ ஜன்னலில் நின்று "அப்பா என்ன காருக்குப் பிளாஸ்டர் போடுகிறீர்களா" என்று கேட்டாய். ஒரு தடவை ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். கடைசியில் 'Q' எழுத்தில் தொடங்கும் கியூ நம்பர் கிடைத்தது. வாங்கின விலையில் பாதிக்குத்தான் விற்றேன்.

கியூ என்றதும் பயந்துவிடாதே. காரின் வயதையோ அடையாளத்தையோ நிரூபிக்க முடியாவிட்டால் கொடுக்கிற எழுத்து அது. விலை குறையும், சில இன்சூரன்ஸ்காரர் முகம் சுளிப்பார்கள், பிடித்த நம்பர் பிளேட் போடவும் முடியாது. ஆனால் அது பொய் சொல்லாத நம்பர். எஸ்கோர்ட் வேஷம் போட்ட காரை விட கியூ போட்ட கார் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

சரியாகப் பதிந்த புத்தகம் எப்படி இருக்கும் என்றால், ஃபோர்ட் என்று இருக்கிற இடத்தில் கிட் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும், வெஸ்ட்ஃபீல்ட், டட்டன் என்று. உடம்பு வகையும் நிறமும் முன்னால் நிற்கிற காருக்குப் பொருந்தும். பாகங்கள் எல்லாம் அல்லது சில புதியவை அல்ல, சேர்த்துக் கட்டிய வண்டி என்ற கருத்தில் ஒரு குறிப்பும் இருக்கலாம். சாதாரணக் காரில் அதைக் கண்டால் ஓடிப்போ. பழைய சாமான் போட்ட கிட் காரில் கண்டால் சந்தோஷப்படு, கட்டினவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

விளம்பரத்தில் "ரோட் டாக்ஸ் இல்லை, எம்ஓடி தேவையில்லை" என்று பெரிதாகப் போட்டிருக்கிறாரே (எம்ஓடி என்பது வருடாவருடம் செய்கிற பாதுகாப்புச் சோதனை), எனக்கு அதுதான் மிகவும் கோபம். நாற்பது வருடம் தாண்டிய காருக்குத்தான் அந்தச் சலுகை. வயது எஸ்கோர்ட்டுடையது, அந்த எஸ்கோர்ட் இப்போது இல்லை. பிரேக்கை யாரும் வருடாவருடம் பார்க்காத, வீட்டில் கட்டிய கார் அது என்று நான் வாசிக்கிறேன்.

இந்தக் கிட் கார் வியாபாரமே வரியால் வளர்ந்ததுதான், தெரியுமா? 1957-இல் லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த கார் வந்தபோது கட்டி முடித்த காருக்கு வரி, சாமானாக வாங்கி நீயே பூட்டினால் அந்த வரி இல்லை. 1973-இல் வாட் என்ற புது வரி வந்ததோடு அந்த லாபம் போயிற்று, அதே வருடம்தான் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி செவனைக் கட்டும் உரிமையை வாங்கிக்கொண்டது. காசு மிச்சம் பிடிக்கிற புத்தி மட்டும் போகவில்லை.

சரி, சனிக்கிழமை எப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறாய், உன்னைத் தெரியாதா. டோர்ச் கொண்டு போ. சட்டகத்தில் அடித்திருக்கிற நம்பரைத் தேடு, ஆணி அடித்து ஒட்டிய தகட்டை நம்பாதே, அதை யாரும் கழற்றிப் பூட்டலாம். எஞ்சின் நம்பரையும் சிசியையும் புத்தகத்தோடு ஒப்பிடு, இந்த மாதிரிக் காரில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி. கிட் வாங்கிய பில், உடைத்த காரின் பழைய பேப்பர், எஸ்விஏ அல்லது ஐவிஏ சான்றிதழ், கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாம் போட்ட ஃபைல் இருக்கிறதா என்று கேள். 98-க்கு முன் கட்டி ஒழுங்காகப் பதிந்த காருக்குச் சான்றிதழ் இராது, அது பிழையில்லை. புத்தகத்தில் இருக்கிற பெயரும் வீட்டு விலாசமும் அவருடையதுதானா என்றும் பார், ஆனாலும் இந்தப் பதிவுப் புத்தகம் (வி5சி) உரிமைக்கு அத்தாட்சி அல்ல, அதிலேயே அப்படி அச்சடித்திருக்கிறது. கார் கடனில் இருக்கிறதா, களவு போனதா என்று தனியாகக் காசு கட்டிப் பார்க்க வேண்டும்.

"எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்" என்பார். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். திருத்தி வேலை செய்த வண்டிகளுக்கான விதிகள் 2025 ஆகஸ்ட்டில் மாறியிருக்கின்றன, அதனால் அவர் சொல்வதையும் கேட்காதே, நான் சொல்வதையும் வேதவாக்காக எடுக்காதே, அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து நீயே வாசி. அப்புறம் அவரிடம் மரியாதையாகச் சொல்: "நீங்களே அறிவித்துப் பதிவைச் சரிசெய்யுங்கள், புதுப் புத்தகம் வந்தபின் நான் வாங்குகிறேன்." முற்பணம் ஒரு பவுண்கூட வைக்காதே. விலையில் ஐந்நூறு குறைக்கிறேன் என்பார், மயங்காதே, அந்த வேலைக்கு ஐந்நூறு காணாது.

போய்விட்டு வந்து நம்பர் படங்களை அனுப்பு. அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது அந்த நீலத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போ, கராஜில் மடித்து வைத்திருக்கிறேன், ஒரு மூலையில்தான் கிழிசல். எந்தக் காரை வாங்கினாலும் மழைக்கு அது வேண்டும், அம்மா கேட்டதும் அதைத்தானே.

அன்புடன்
அப்பா